பெர்க்மான்ஸின் பின்னால் போன கோரைக்காடு

கோரைக்காடு பெர்க்மான்ஸின் பின்னாலேயே போகிறது என்று தெரிய வந்த அன்று எங்கள் ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, கடலடியில் கல்லைக் கவ்விக்கொண்டு நின்ற ஒரு காடு எப்படி இடம் பெயரும் என்றுகூடக் கேட்கவில்லை. அது ஏன் அவன் பின்னால் போகிறது, எங்கள் பின்னால் ஏன் வரவில்லை, இதற்காக அவன் யாருக்கு என்ன கொடுத்தான் என்றுதான் கேட்டோம். சாளைமுனைக்காரர்கள் அப்படித்தான். வானத்திலிருந்து மீன் கொட்டினாலும் யார் கூரையில் அதிகம் கொட்டியது என்றுதான் முதலில் பார்ப்போம்.

அந்தக் காடு ஊருக்கு வடக்கே, கரையிலிருந்து பார்த்தால் தெரியாத, ஆனால் துடுப்புப் போட்டே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது. மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்ததும் கட்டக்கோரைப் பாசி இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி, நுனி நீர்மட்டத்தில் படர்ந்து, கிட்டே போய்ப் பார்க்கிறவனுக்குக் கடலில் யாரோ வயல் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். உள்ளே ஆள் எடைக்குக் களவா மீனும் ஆட்டுக்குட்டி எடைக்குப் பாறை மீனும் ஒதுங்கி நிற்கும். ஆனால் என்ஜின் படகு அங்கே போக முடியாது, விசிறியில் பாசி சுற்றிக்கொள்ளும். வலை போட முடியாது, கிழியும். போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஐஸ் பெட்டித் தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, சாக்கைச் சுற்றி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிய, ஒரே ஓர் ஆள் காலை நீட்டி உட்காரக்கூடிய மிதவை. சின்னத் துடுப்பால் தள்ளிக்கொண்டு, பாசிக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் நுழைந்து, உயிரோடு இருக்கும் கணவாயைத் தூண்டிலில் கோத்து இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மீன் கவ்வினால் ஆளையும் மிதவையையும் சேர்த்து இழுக்கும். எழுந்து நிற்கவும் கூடாது, தூண்டில் நரம்பை விடவும் கூடாது. மீன் பாசிக்குள் தலையைக் கொடுத்துவிட்டால் மீனும் போச்சு, நரம்பும் போச்சு, சிலசமயம் ஆளும் போச்சு.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய மீனோடு கரையேறுகிறவனிடம் "எங்கப்பா கெடச்சது?" என்று கேட்பது மரியாதை, கேட்காவிட்டால் பொறாமை என்று அர்த்தம். கேட்கப்பட்டவன், மீன் கிடைத்த இடத்தைத் தவிர வேறு ஏதாவது ஒரு திசையில் கையை நீட்டுவதும் மரியாதை. உண்மையான இடத்தைக் காட்டினால் கேட்டவனைக் கிண்டல் செய்ததாகிவிடும். இரண்டாவது முறை யாரும் கேட்கக் கூடாது. இதற்குக் கைகாட்டு என்று பேர். அப்பன் மகனுக்குக் காட்டுவான், மருமகன் மாமனாருக்குக் காட்டுவான். புதிதாக வந்த பங்குச்சாமியாரிடம் ஒருவன் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் பொய்க்கணக்கில் சேர்த்துச் சொல்லப்போக, அவர் ஊரை விசாரித்துவிட்டு, "இதையெல்லாம் எங்கிட்டக் கொண்டு வராத, மத்த பாவத்தக் கேக்கவே நேரம் பத்தல" என்று அனுப்பிவிட்டார். பெண்களுக்கு மட்டும் கைகாட்டு கிடையாது. அவர்கள் பாசி எடுக்கக் கூட்டமாகப் போகிறவர்கள். ஒருத்தி நல்ல இடத்தைப் பார்த்தால் கூவி மற்றவர்களைக் கூப்பிடுவாள்.

காடு முதன்முதலாக நகர்ந்த அன்று, கஸ்மீர் விடியற்காலையில் வடக்கே போய்ப் பார்த்தால் வெறும் கல்லும் மண்ணும்தான் கிடந்தது. கஸ்மீர் எங்கள் ஊரின் இன்னொரு நல்ல தூண்டில்காரன், பெர்க்மான்ஸோடு சின்ன வயதிலிருந்து போட்டி. அவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, திசை தப்பிவிட்டோமோ என்று கோயில் கோபுரத்தையும் பனைமரத்தையும் திரும்பத் திரும்ப ஒத்துப் பார்த்துக் கொண்டிருந்த அதே நேரத்தில், பெர்க்மான்ஸ் தெற்கேயிருந்து, சேறும் சொறிமீனும் தவிர எதுவுமே இல்லாத மண்குண்டுப் பக்கத்திலிருந்து, மிதவை ஒருபக்கமாகச் சாயும் அளவுக்கு ஒரு களவாவைப் படுக்கப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"எங்கப்பா கெடச்சது?" என்று நான்தான் கேட்டேன். ஏலக்கொட்டகையில் ஐஸ் உடைப்பவன் நான். முதலில் கேட்கிற பாக்கியம் எனக்குத்தான்.

அவன் தெற்கே கையை நீட்டினான். "மண்குண்டுலதான். காடு எம்பின்னாலேயே வந்துருச்சு. ஏன்னு எனக்கே வெளங்கல."

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மறுநாள் மண்குண்டைத் தவிர எல்லா இடத்துக்கும் போய் வெறுங்கையோடு திரும்பினோம்.

பெர்க்மான்ஸ் தினமும் உண்மையைச் சொன்னான். தினமும் நாங்கள் அந்த இடத்தை விட்டு விலகிப் போனோம். கடைசியில் கோயில் மணியை எண்ணெய் போட்டுத் துடைக்க ஏறிய உபதேசியார்தான் மேலேயிருந்து பார்த்து, பச்சையும் பழுப்புமாக ஒரு பெரிய நிழல், பெர்க்மான்ஸின் மிதவைக்குப் பின்னால், அவன் நின்றால் நின்று, அவன் நகர்ந்தால் நகர்ந்து, மேய்ச்சல் முடிந்து வீட்டுக்கு வரும் எருமை மாதிரிச் சாவகாசமாகப் போவதைக் கண்டு, கீழே இறங்கி வந்து சொன்னார். அன்றைக்குத்தான் எங்களுக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் இத்தனை நாளும் எங்களிடம் உண்மையைச் சொல்லியே எங்களை ஏமாற்றியிருக்கிறான் என்றால், அவன் எவ்வளவு பெரிய கள்ளனாக இருக்க வேண்டும்!

அதற்குப் பிறகு ஊர் அந்தக் காட்டோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டது, சந்தேகத்தோடுதான். சிலர் அவன் மிதவைக்கு அடியில் ஏதோ கட்டியிருக்கிறான் என்றார்கள். சிலர் போன வருஷம் ஒரு சினைக் களவாவைத் தூண்டிலிலிருந்து கழற்றி விட்டான், அதற்கான கூலி இது என்றார்கள். உடனே இரண்டு பேர் போய்ச் சினைக் களவாவைப் பிடித்து, கோபுரத்துக்கு நேராக எல்லாரும் பார்க்க விட்டுவிட்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கரைக்கு வந்தார்கள். எதுவும் வரவில்லை. பாசி எடுக்கும் பெண்கள், விரலில் துணி சுற்றி, நீந்தக் காலில் தகரத்தட்டைக் கட்டி, புருஷனின் பழைய சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, விடியும்போதே அவன் வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு எங்கிட்டுண்ணே போறிய?" என்று கேட்பார்கள். அவன் சொல்வான். அவர்களும் ஆண்களோடு சேர்ந்து கெட்டுப்போய், அவன் சொன்ன இடத்துக்குப் போகாமல் வேறெங்கோ முக்குளித்துவிட்டுக் காலிச் சாக்கோடு வருவார்கள்.

அவன் மனைவி வியாகுலமேரியும் பாசி எடுக்கிறவள்தான். அவள் சாக்கும் காலிதான். அவளுக்கு வேறு சந்தேகம். காடு சில நாட்களாக ஓடைக்கரைக்கு நேராகத்தான் நிற்கிறது என்று பெர்க்மான்ஸ் சொல்லிக்கொண்டிருந்தான். ஓடைக்கரை பக்கத்து ஊர். அங்கேதான் சகாயராணி இருந்தாள், பெர்க்மான்ஸுக்கு முதலில் பேசிமுடித்து, தாலிக்கொடி வரைக்கும் போய், பிறகு நின்றுபோன பெண்.

"கடல்ல எவ்வளவு எடம் கெடக்கு, ஒங்க காட்டுக்கு ஓடைக்கரதான் புடிச்சிருக்கோ?"

"ஏங்காடு இல்ல மேரி. நான் எங்க போனாலும் வருது."

"நீங்க ஏன் அங்க போறிய, அதச் சொல்லுங்க."

"நீரோட்டம் அப்படி. நான் ஒங்கிட்ட என்னைக்காவது பொய் சொல்லியிருக்கனா?"

"எங்கப்பனும் எங்காத்தாகிட்ட இப்படித்தான் கேப்பாரு," என்று சொல்லிவிட்டு அவள் குழம்புச்சட்டியை இறக்கினாள். அந்த வீட்டில் இவ்வளவு நல்ல மீன் எப்போதும் வந்ததில்லை, இவ்வளவு உப்பில்லாமல் எப்போதும் சமைத்ததுமில்லை.

ஏலக்கொட்டகையில் ஊர்க்கூட்டம் கூடியது. ஊர்த்தலைவர் சந்தியாகு நிதானமான மனிதர், யாரையும் எடுத்த எடுப்பில் குற்றம் சொல்ல மாட்டார், மெதுவாகத்தான் சொல்வார். மிதவையைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டிப் பார்த்தோம். சாக்கைப் பிரித்தோம். நரம்புச்சுருள், கொக்கி, தண்ணீர் பாட்டில், ஒரு ஜெபமாலை, வெற்றிலை. எதுவும் இல்லாததே சந்தேகத்தை இன்னும் கூட்டியது. காடு தன் பழைய இடத்துக்குத் திரும்பும்வரை பெர்க்மான்ஸ் கடலில் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது.

"அப்ப அது இங்க வந்துரும், தலைவரே," என்றான் பெர்க்மான்ஸ். "நான் இருக்கற எடத்துக்குத்தான அது வருது."

"மெரட்டுறியா?" என்றார் சந்தியாகு.

"பயமா இருக்குன்னு சொல்றேன்."

அவன் சொன்னதில் அது ஒன்றையாவது நாங்கள் நம்பியிருக்கலாம். அவன் முகம் அப்படித்தான் இருந்தது.

காடு வந்தது. முதலில் அலையோடு நாலைந்து கொத்து ஒதுங்கியது, பிறகு கரையோரத் தண்ணீர் பழுப்பானது, பிறகு ஒரு காலையில் எழுந்து பார்த்தால் படகு நிற்கும் துறை முழுக்கக் கோரை அடர்ந்து, அதற்குள் பெரிய மீன்கள் முழங்கால் தண்ணீரில் முதுகு தெரியச் சுற்றிக்கொண்டிருந்தன. முதலில் ஊரே கொண்டாடியது. கிழவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள், ஒரு பாறை மீன் வந்து மோதிக் கஸ்மீர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், ஆடுகள் கரையில் ஒதுங்கிய பாசியைத் தின்றுவிட்டு உப்புநாக்கோடு அலைந்தன. ஆனால் எந்தப் படகும் வெளியே போக முடியவில்லை. விசிறி சுற்றும், சிக்கும், நிற்கும். வெயில் ஏறியதும் ஒதுங்கிய பாசி அழுகி நாறியது. ஈ மொய்த்தது. ஏல வியாபாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். அலை எட்டாத தூரத்தில் இருந்த பெர்க்மான்ஸின் வாசற்படியில் மட்டும் தினமும் காலையில் ஈரம் காயாத ஒரு கொத்துக் கோரை கிடந்தது. வியாகுலமேரி அதை விளக்குமாற்றால் தள்ளுவாள். மறுநாளும் கிடக்கும்.

தடை போட்ட அதே ஆட்கள் அதே கொட்டகையில் கூடி, அவன் உடனே கடலுக்குப் போய்க் காட்டைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று முடிவெடுத்தோம். அவன் மறுக்கவில்லை. அவிழ்த்துப் போட்ட மிதவையை எடுத்து மறுபடி சாக்குச் சுற்றினான். அந்தக் கட்டு பழைய கட்டு மாதிரி இறுகவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

கரையில் ஊரே நின்றது. அவன் மனைவியைப் பார்த்துத்தான் பேசினான், எல்லார் காதிலும் விழும்படி.

"வடக்க கொண்டு போறேன், பழைய எடத்துக்கே. அந்தக் கல்ல அதுக்குக் காட்டிக் குடுத்துட்டா அங்கயே நின்னுரும்னு மனசுக்குப் படுது. உச்சிக்குள்ள வந்துருவேன். வரலன்னா வடக்க வந்து பாருங்க." கையையும் நீட்டினான். "வடக்க, மேரி."

அவன் துடுப்பைப் போட்டதும் துறையில் இருந்த காடு மெல்ல ஒரு புரள் புரண்டு, கல்லை விட்டு, படகுகளை விட்டு, மீன்களையும் அழைத்துக்கொண்டு அவன் பின்னால் போனது. தண்ணீர் தெளிந்தது. அவன் எந்தத் திசையில் திரும்புகிறான் என்று பார்க்கக்கூட நேரமில்லாமல் நாங்கள் என்ஜினைக் கிளப்பிக்கொண்டு தொழிலுக்கு ஓடினோம்.

உச்சி தாண்டியது, அவன் வரவில்லை. வெயில் சாய்ந்தது, வரவில்லை. நாங்கள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. படகுகளை மறுபடி இறக்கினோம், கஸ்மீர்தான் நொண்டிக்கொண்டே முதலில் ஏறினான். தெற்கே இரண்டு படகு, கிழக்கே ஒரு படகு என்று சந்தியாகு பிரித்து அனுப்பினார்.

வியாகுலமேரி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "மாமா, அவுக வடக்கன்னுதான சொன்னாக?"

"அதனாலதாம்மா தெக்க போறோம்," என்றார் சந்தியாகு, ரொம்பப் பரிவோடு. "மூணு தடவ வடக்கன்னான், கையையும் காட்டுனான். தூண்டில்காரன் ஒரு எடத்த மூணு தடவ சொன்னா, அந்த எடத்துல மட்டும் அவன் இருக்க மாட்டான். நீ பொம்பள, ஒனக்குத் தெரியாது."

படகுகள் போய்விட்டன. அவள் கரையில் நின்றாள். அவளுக்கு அவர்மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை, ஏனென்றால் அவளுக்குள்ளும் ஒருத்தி அதையே சொல்லிக் கொண்டிருந்தாள். வடக்கே இல்லை. வடக்கே என்று ஊர் முன்னால் சொன்னது வேறு எங்கேயோ போகத்தான். கால் தானாகக் கிளம்பியது. உடைமரக் காட்டுக்குள் குறுக்கே விழுந்து, முள் கிழிக்க, ஓடைக்கரைக்கு நடந்தாள், நடையா ஓட்டமா என்று தெரியாமல்.

சகாயராணி வாசலில் குந்தி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. உள்ளே அவள் புருஷன் கட்டிலில் படுத்து இருமிக் கொண்டிருந்தான். வியாகுலமேரி கதவுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

"என்னக்கா தேடுறிய?"

வியாகுலமேரியின் கண் இன்னும் வீட்டுக்குள்ளேயே துழாவிக்கொண்டிருந்தது. சகாயராணிக்கு முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவள் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அவுக இந்தப் பக்கம் கரையேறுனதே இல்லக்கா," என்றாள். "காட்டக் கூட்டிக்கிட்டு ஓரமா போவாக. நாங்க இங்கேருந்து பாப்போம். போற வரைக்கும் ஒங்க ஊரப் பாத்துக்கிட்டேதான் போவாக."

வியாகுலமேரிக்கு அப்படி ஒரு வெட்கம் வந்தது, கூடவே அப்படி ஒரு பயம். இவ்வளவு நேரத்தையும் சந்தேகத்துக்குக் கொடுத்துவிட்டோம், மிச்சம் எவ்வளவு இருக்கிறதோ தெரியவில்லை என்று வாய்விட்டு அழுதுகொண்டே திரும்பி ஓடினாள். சாளைமுனைத் துறையில் கஸ்மீரின் மிதவை கவிழ்த்துக் கிடந்தது. புரட்டிப் போட்டு, வாழ்நாளில் ஒரு மிதவையிலும் உட்கார்ந்திராத அவள் அதில் உட்கார்ந்து, துடுப்பைத் தவறாகப் பிடித்து, பிறகு சரியாகப் பிடித்து, வடக்கே போனாள். அதை நான் ஏலக்கொட்டகையிலிருந்து பார்த்தேன். தடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் தப்பான திசையில் போகிறாளே, பாவம் என்று நினைத்தேன்.

காடு அங்கேதான் இருந்தது. பழைய இடத்தில், பழைய கல்லைப் பற்றிக்கொண்டு, ஒரு நாளும் நகர்ந்தறியாதது மாதிரி நின்றது. அவள் இடைவெளிக்குள் நுழைந்தபோது உடைந்த தெர்மாகோல் துண்டுகள் பாசிமேல் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தன. நடுவில், கழுத்துவரை தண்ணீருக்குள் அமிழ்ந்து, ஒரு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெர்க்மான்ஸ் இருந்தான். மார்பைச் சுற்றியும் தொடையைச் சுற்றியும் கோரை சுற்றியிருந்தது. அதுதான் அவனை அமுங்காமல் பிடித்து வைத்திருந்தது, அதுதான் போகவும் விடாமல் வைத்திருந்தது. அவன் பிய்த்துப் பார்த்திருக்கிறான். பிய்க்கப் பிய்க்க இறுகியிருக்கிறது.

அவள் தண்ணீரில் குதித்தாள். பாசி எடுக்கிறவள் பாசியை இழுக்க மாட்டாள். மூச்சடக்கிக் கீழே போய், கல்லோடு ஒட்டியிருக்கும் அடியை விட்டுவிட்டு, அதற்குமேல் விரலால் ஒரு திருகு திருகுவாள். அடி இருந்தால்தான் அடுத்த பருவம் தழைக்கும். கணவன் உயிர் போகிற அவசரத்திலும் அவள் கைக்கு அந்தப் பழக்கம்தான் வந்தது. ஒவ்வொரு தண்டாகத் திருகினாள். ஒவ்வொன்றாகக் காடு அவனை விட்டது.

மிதவையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் ரொம்ப நேரம் இருமினான். பிறகு கேட்டான்.

"உச்சியிலேருந்து பாக்கறேன். வடக்கன்னு சொல்லிட்டுத்தான வந்தேன். எங்க போயிருந்த இவ்வளவு நேரம்?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "ஓடைக்கரைக்கு," என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். கோபிக்கத் தெம்பு இல்லையோ, மனது இல்லையோ, நனைந்த கையை எடுத்து அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த பாசியை எடுத்துப் போட்டான். அவள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி அழுதாள்.

ஒரே ஆள் மிதவையில் அவனைப் படுக்கப் போட்டு, தான் தண்ணீரில் இருந்தபடியே காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு அவள் துறைக்கு வந்தபோது பொழுது இறங்கியிருந்தது. எங்கள் படகுகளும் அப்போதுதான் கரையேறின. தெற்கே முழுக்கத் தேடி, மண்குண்டுச் சேற்றைக் கம்பால் குத்திப் பார்த்து, தொண்டை கட்டக் கத்தி, ஒன்றும் இல்லாமல் திரும்பியிருந்தோம். ஓடிப்போய் அவனைத் தூக்கிக் கரையில் போட்டோம், கம்பளி போர்த்தினோம், கஸ்மீர் அவன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே விசும்பினான். எல்லாருக்கும் நிஜமாகவே சந்தோஷம்.

காடு யார் பின்னாலும் வரவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தோம். சந்தியாகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கம்மா கெடச்சான்?"

வியாகுலமேரி புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்து முடித்தாள். நிமிர்ந்து எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள், தெற்கேயிருந்து வந்த சேறு இன்னும் காலில் காயாமல் நின்றுகொண்டிருந்த அத்தனை பேர் முகத்தையும். பிறகு கையை நீட்டினாள்.

"தெக்க," என்றாள்.

எங்கள் வழக்கப்படி இரண்டாவது முறை யாரும் கேட்கவில்லை.